கோடு போடும்போது கோல் போஸ்ட்டிலிருந்து ஆரம்பியுங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. என்னிடம் படித்த பெண், இப்போது அன்னூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர்.

"சார், குறுமைய மேட்ச் இந்தத் தடவை எங்க ஸ்கூல்லதானுங்க. ஃபுட்பால் கிரவுண்டுக்குக் கோடு போடோணும். வீடியோ எல்லாம் பாத்தேன், தலை சுத்துதுங்க."

"டேப்பு இருக்குதா கண்ணு?"

"30 மீட்டர் டேப்பு ஒண்ணு இருக்குதுங்க. முன்னாடி கொஞ்சம் பிஞ்சு போச்சு."

"அதைத் தூக்கி உள்ள வெச்சிரு. 100 மீட்டர் டேப்பு ஒண்ணு வாங்கு. அப்புறம் பேசலாம்."

குறுமையம் என்றால் சுற்று வட்டாரப் பள்ளிகளுக்குள் நடக்கும் போட்டி. பிய்ந்த டேப் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். போனில் சொன்னால் அவள் பாதியைத்தான் எழுதிக்கொள்வாள் என்று தெரியும். அதனால் உட்கார்ந்து முழுசாக எழுதிவிட்டேன். வேறு யாருக்காவது உதவினாலும் சரி.

நான் சோமனூர்ப் பக்கத்துக்காரன். அப்பாவுக்குத் தறிதான் தொழில். நான் டிரில் வாத்தியாராகி 30 வருஷத்துக்கு மேல் விசில் ஊதி ஓய்வு பெற்றவன். கோடு போடும் வேலையைப் பயிற்சிக் கல்லூரியில் தாளில் படம் போட்டுக் காட்டினார்கள், பரீட்சைக்கு வரைந்தும் காட்டினோம். நிஜமாகக் கற்றுக்கொண்டது கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தில்தான். அங்கே ஒரு மார்க்கர் இருந்தார். மைதானத்தை அளந்து கோடு போடுகிறவருக்கு எங்கள் வட்டாரத்தில் மார்க்கர் என்றுதான் பெயர். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் ஈரத் துண்டு. மாவட்டப் போட்டிக்கு என் பையன்களைக் கூட்டிக்கொண்டு முதல் நாளே போய் இறங்கினால், விடியற்காலை அஞ்சரை மணிக்கு அவர் முளைக்குச்சி அடிக்கிற சத்தம் கேலரியில் மோதித் திரும்பி வரும்.

"ஏனுங்கண்ணா, மூலையில இருந்துதானே ஆரம்பிக்கோணும்?" என்று கேட்டேன்.

"மூலைன்னு ஒண்ணு எங்க இருக்குது வாத்தியாரே, காட்டுங்க பாக்கலாம்" என்றார்.

வெறும் புல்தான் இருந்தது. மூலை என்பது நாம் போட்ட பிறகு வருவது. முன்பே நட்டு நிற்பது கோல் போஸ்ட் இரண்டும்தான். குழி தோண்டி சிமெண்ட் போட்டு நிறுத்தியதை நாம் நகர்த்த முடியாது. அதனால் அளவு எல்லாம் போஸ்ட்டிலிருந்து கிளம்ப வேண்டும்.

முதலில் அந்த ஸ்டேடியம்

ஸ்டேடியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இந்த விஷயம் புரியாது. 1971இல் கட்டியது. எனக்கு அப்போது 14 வயது. நேரு பெயரில் சென்னையிலும் ஒன்று இருப்பதால் வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். எங்களுக்கு வெறும் ஸ்டேடியம்தான். காந்திபுரத்திலிருந்து நஞ்சப்பா ரோட்டில் வந்தால், வ.உ.சி. செக்கிழுத்த ஜெயிலைத் தாண்டி பார்க் கேட் பக்கம் இறங்கினால் போதும். ஒரு புறம் வ.உ.சி. பூங்கா. பூங்காவில் மிருகங்கள் இருந்த காலத்தில், கேலரிக்கு அடியில் இருக்கும் கடைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, மேட்ச்சையும் பார்த்துவிட்டுப் போகும் குடும்பங்கள் உண்டு.

30,000 பேர் உட்காரலாம் என்பது ஏட்டுக் கணக்கு. ஃபுட்பால் ஸ்டேடியம் என்று பேர் இருந்தாலும் அது ஃபுட்பாலுக்கு மட்டும் கட்டியதல்ல. சுற்றி ஓட்டப் பாதை, நடுவில் புல்தரை. இன்றைக்குப் பந்தாட்டம், நாளைக்கு ஈட்டி எறிதல், மறுநாள் ஏதாவது பள்ளிக்கூடத்தின் மார்ச் பாஸ்ட். எதற்குக் கோடு போட்டாலும் அடுத்த நிகழ்ச்சிக்கு அழித்துத்தான் ஆக வேண்டும். மண் டிராக் இருந்த காலத்தில் அதற்கும் சுண்ணாம்புக் கோடுதான் போட்டோம். சிந்தெடிக், அதாவது ரப்பர் மாதிரியான செயற்கைத் தரை, வந்த பிறகு டிராக்கின் கோடு நிரந்தரமாகிவிட்டது. நடுவில் இருக்கும் புல்லுக்கு மட்டும் இன்னும் மார்க்கர் தேவைப்படுகிறார்.

டிராக்குக்குள் மைதானம் அடங்குகிற விதத்தை ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். நிலையான 400 மீட்டர் டிராக்கில் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.50 மீட்டர். அப்படியென்றால் உள்ளே கிடைக்கும் அகலம் 73 மீட்டர். கால்பந்துக்குப் பெரும்பாலும் எடுக்கும் அளவு 105க்கு 68. பக்கவாட்டில் இரண்டரை மீட்டர் மிச்சம் இருப்பதால் தாராளம் போலத் தோன்றும். ஆனால் மூலைக்கு வந்தால் கதை வேறு. அங்கே வளைவு உள்ளே திரும்பிவிடுவதால், மூலைக் கொடிக்கும் டிராக்கின் விளிம்புக்கும் நடுவே ஒரு மீட்டருக்கும் குறைவான இடம்தான். கார்னர் அடிக்கிறவன் ஓடி வர நாலு எட்டு பின்னால் போனால் டிராக்கில்தான் நிற்பான். புல்லிலிருந்து சிந்தெடிக்குக்குக் கால் மாறும் அந்த இடத்தில் பூட்ஸ் வழுக்கும். என் பையன்களிடம் கார்னருக்கு மூன்றே எட்டு, அதற்கு மேல் வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். எட்டு லேன் என்றால் டிராக்கே கிட்டத்தட்ட 10 மீட்டர். பக்கவாட்டு கேலரியில் உட்கார்ந்தால் கோட்டுக்கு 12 மீட்டரில் இருப்பீர்கள். கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தால், பந்துக்கும் உங்களுக்கும் நடுவில் 36 மீட்டர் வெறும் வெளி. வலை ஆடுவது தெரியும், யார் அடித்தது என்று தெரியாது. பணம் குறைவு என்று பின்னால் போய் உட்கார்ந்து பக்கத்து ஆளிடம் "யாருங்க அடிச்சது?" என்று கேட்டுக்கொண்டே ஒரு மேட்ச் முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

என்னென்ன வேண்டும்

100 மீட்டர் ஃபைபர் டேப் ஒன்று, 30 மீட்டர் டேப் ஒன்று. ஒன்றரை அடி இரும்பு முளை 12, சுத்தியல், நூல் உருண்டை. நூலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஆனால் அப்பா கொடுத்த பாவு நூலை நம்பி நான் ஒரு நாள் கெட்டேன், ஈரம் பட்டதும் தொய்ந்துவிட்டது. கொத்தனார்கள் கட்டும் முறுக்கு நூல் நல்லது. வட்டத்துக்கு மட்டும் கட்டுக்கம்பி 10 மீட்டர். கோடு ஓட்டும் வண்டி இருந்தால் உத்தமம். இல்லாவிட்டால் பழைய எண்ணெய் டின்னில் அடியில் ஆணியால் ஓட்டை போட்டுக் கைப்பிடி கட்டினால் போதும், நாங்கள் 20 வருஷம் அப்படித்தான் ஓட்டினோம். கூட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டேப்பின் நுனியில் நிற்க, ஒருவர் முளை அடிக்க. நுனியில் நிற்பவன் வாயாடியாக இருக்கக் கூடாது. பேசிக்கொண்டே காலை நகர்த்திவிடுவான்.

போஸ்ட்டிலிருந்து மூலைக்கு

முதலில் போஸ்ட் நான்கும் சரியாக நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு கோலிலும் இரண்டு போஸ்ட்டுக்கு உட்புறம் 7.32 மீட்டர், தரையிலிருந்து குறுக்குக் கம்பியின் கீழ்ப்புறம் வரை 2.44 மீட்டர். அப்புறம் இந்தப் பக்க இடது போஸ்ட்டிலிருந்து நேர் எதிரே இருக்கும் போஸ்ட் வரை அளந்து பாருங்கள். அதே மாதிரி வலது பக்கமும். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். பிறகு குறுக்கே, கோணலாக, இடதிலிருந்து எதிர்க் கோலின் தள்ளி இருக்கும் போஸ்ட்டுக்கு ஒரு அளவு, வலதிலிருந்து ஒரு அளவு. இவையும் ஒன்றாக வந்தால் கோல்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றன. வரவில்லையா? கோடு போடுவதை நிறுத்திவிட்டு ஹெட்மாஸ்டரைப் பாருங்கள். கோணலாக நட்ட கோலை எந்தச் சுண்ணாம்பாலும் நேராக்க முடியாது.

சரி, நேராக இருக்கிறது. இரண்டு போஸ்ட்டின் பின் விளிம்பையும் தொட்டு நூல் கட்டி இரண்டு பக்கமும் நீட்டுங்கள். அதுதான் கோல் கோட்டின் வெளி விளிம்பு. கோலின் நடுப்புள்ளியைக் குறித்து, அங்கிருந்து இரு பக்கமும் 34 மீட்டர் அளந்து முளை அடியுங்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே. நாலு மூலை வந்துவிட்டது. இப்போதுதான் சோதனை. கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பது எல்லாருக்கும் தெரியும், மூணு அடி, நாலு அடி, குறுக்கே அஞ்சு அடி. அதே கணக்குதான், ஆனால் மைதானத்தில் மூணு, நாலு எல்லாம் பத்தாது. சின்ன முக்கோணத்தில் ஒரு விரல் பிசகினால் 68 மீட்டர் தள்ளி ஒரு முழத்துக்கு மேலேயே பிசகும். 12, 16, 20 மீட்டர் வைத்துப் பாருங்கள். அதைவிட நல்லது பாதி மைதானத்தின் குறுக்களவு. பக்கக் கோட்டின் நடுப்புள்ளியிலிருந்து எதிர்ப்பக்க மூலைக்கு 85.91 மீட்டர் வர வேண்டும். இப்படி நாலு தடவை அளக்கலாம். நாலும் இரண்டு விரலுக்குள் ஒத்துப்போனால் டீ குடிக்கப் போகலாம்.

எல்லாருக்கும் 105க்கு 68 கிடைக்காது. அன்னூர்ப் பள்ளியில் நிச்சயம் கிடைக்காது. விதிப்படி நீளம் 90இலிருந்து 120 வரையும் அகலம் 45இலிருந்து 90 வரையும் இருக்கலாம். 95க்கு 60 எடுத்தால் பாதி மைதானக் குறுக்களவு 76.53 மீட்டர். மைதானம் சுருங்கினாலும் உள்ளே கோலுக்கு முன்னால் இருக்கும் பெட்டிகள் சுருங்காது. அதுதான் நல்ல செய்தி.

மூன்று எண்கள்

பெட்டி போடும்போதுதான் எல்லாரும் குழம்புகிறார்கள். மார்க்கர் அண்ணன் எனக்குக் கொடுத்த மூன்று எண்களை இன்னும் மறக்கவில்லை: 3.66, 9.16, 20.16. கோலின் நடுப்புள்ளியில் டேப்பின் பூஜ்யத்தை வைத்து, கோல் கோட்டின் மேலேயே ஒரு பக்கம் இழுங்கள். 3.66இல் போஸ்ட்டின் உள் விளிம்பு, 9.16இல் சின்னப் பெட்டியின் கோடு, 20.16இல் பெரிய பெட்டியின் கோடு. அதே டேப்பைத் திருப்பி மறுபக்கம் இழுத்தால் வேலை முடிந்தது. மைதானத்தின் அகலம் எதுவானாலும் இந்த மூன்றும் மாறாது. அந்தப் புள்ளிகளிலிருந்து மைதானத்துக்குள் சின்னப் பெட்டிக்கு 5.5 மீட்டர், பெரிய பெட்டிக்கு 16.5 மீட்டர் உள்ளே போய் இணைத்தால் பெட்டி இரண்டும் தயார். அளவு எல்லாம் கோட்டின் வெளி விளிம்பு வரை. கோடு எந்தப் பெட்டியைச் சுற்றுகிறதோ அந்தப் பெட்டிக்கே சொந்தம். அதனால்தான் கோட்டின் மேல் நடந்த ஃபவுலுக்கும் பெனால்டி.

இந்த 5.5, 16.5 எல்லாம் என்ன கோக்குமாக்கான அளவு என்று கேட்பார்கள். மீட்டரில் பார்த்தால் அப்படித்தான். கெஜத்தில் பாருங்கள். சின்னப் பெட்டி 6 கெஜம், பெனால்டி புள்ளி 12 கெஜம், பெரிய பெட்டி 18 கெஜம், வட்டம் 10 கெஜம், கோல் அகலம் 8 கெஜம், உயரம் 8 அடி. இங்கிலாந்துக்காரன் கெஜத்தில் போட்டதை மீட்டராக்கியதில் வந்த புள்ளிகள்தான் இவை. துணி அளக்கும் கெஜத்திலேயே வளர்ந்த எனக்கு இது ஒரே நாளில் மனப்பாடமாகிவிட்டது. 6, 12, 18 என்று அப்பாவிடம் சொன்னேன். "வேட்டி அறுக்கற கணக்காட்ட இருக்குது" என்றார்.

பெட்டிகூட ஆதியிலிருந்தே இருந்ததல்ல. பெனால்டி அடி வந்ததே 1891இல்தான். அப்போது புள்ளி கிடையாது, கோலிலிருந்து 12 கெஜத்தில் மைதானத்தின் குறுக்கே ஒரு கோடு, அதில் எங்கே வைத்து வேண்டுமானாலும் அடிக்கலாம். இன்றைய பெட்டியும் புள்ளியும் 1902இல் வந்தன. பெட்டிக்கு மேலே இருக்கும் அரைநிலா 1937இல். அந்த அரைநிலா எதற்கு என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்ட பையன்களில் பாதிப்பேருக்குத் தெரியவில்லை. பெனால்டி அடிக்கும்போது மற்றவர்கள் புள்ளியிலிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பெட்டிக்கு வெளியே நின்றாலும் நடுவில் மட்டும் அந்தத் தூரம் வராது. அந்தக் குறையை நிரப்பத்தான் அரைநிலா.

புள்ளி

இப்போது பிய்ந்த டேப்பின் கதை.

எங்கள் பள்ளியில் ஒரு குறுமையப் போட்டி. வருஷம் வேண்டாம். டேப்பின் முனை நைந்து கிழிந்திருந்தது. நான் முதல் ஒரு மீட்டரைக் கத்தரித்து எறிந்துவிட்டேன். 1 என்ற எண்ணைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, எல்லா அளவிலும் ஒன்று கூட்டிக்கொண்டால் போயிற்று. மூலைக்கு 35, பெட்டிக்கு 21.16 என்று கணக்காகத்தான் போட்டுக்கொண்டு வந்தேன். மணி பத்தாகிவிட்டது, வெயில் ஏறிவிட்டது, கடைசியாகப் பெனால்டி புள்ளி. 12இல் குறிக்க வேண்டியதை 11இல் குறித்துவிட்டேன். புள்ளி கோலிலிருந்து 10 மீட்டரில் உட்கார்ந்துவிட்டது. மதியம் அரையிறுதியில் ஒரு பெனால்டி கிடைத்து கோலாகியது. அடுத்த பெனால்டியும் அதே அணிக்கு எதிராக, அதே பக்கம். அவர்கள் கோல்கீப்பர் ஒரு நோஞ்சான் பையன், எட்டாவதோ ஒன்பதாவதோ. அடிப்பதற்கு முன்னால் அவன் கோல் கோட்டிலிருந்து எட்டு வைத்து எண்ணிக்கொண்டே போனான். புள்ளியில் நின்று திரும்பிப் பார்த்து, "சார், இது கிட்டக்க இருக்குதுங்க" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நடுவருக்கு மட்டும் சந்தேகம் வந்து டேப் கேட்டார். நல்ல டேப் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. 10 மீட்டர். புள்ளியை அழித்து ஒரு மீட்டர் தள்ளிப் போட்டோம், இரண்டாவது பெனால்டியை அந்தப் பையன் பிடித்துவிட்டான். முதல் பெனால்டியை ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த ஒரு கோலில்தான் அவன் பள்ளிக்கூடம் தோற்றது. அவர்களுடைய வாத்தியார் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூட்டை கட்டும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

அதனால் டேப்பை வெட்டாதீர்கள். கிழிந்தால் வேறு வாங்குங்கள். புள்ளியை இரண்டு விதமாகச் சரிபாருங்கள். கோல் கோட்டின் வெளி விளிம்பிலிருந்து புள்ளியின் நடுவுக்கு 11 மீட்டர். இன்னொன்று கண்ணாலேயே பார்க்கலாம்: சின்னப் பெட்டிக் கோட்டுக்கும் பெரிய பெட்டிக் கோட்டுக்கும் சரி பாதியில், இரண்டுக்கும் 5.5 மீட்டரில், புள்ளி இருக்க வேண்டும். 6, 12, 18 அல்லவா. நான் அன்றைக்கு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் அது நடுவில் இல்லை என்று தெரிந்திருக்கும்.

வட்டம்

மைதானத்தின் நட்ட நடுவில் முளை. கட்டுக்கம்பியில் ஒரு முனையில் தளர்வாக வளையம் போட்டு முளையில் மாட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் சுற்றச் சுற்றக் கம்பி முளையில் சுருண்டு ஆரம் குறைந்துகொண்டே போகும். 9.15 மீட்டரில் மறு முனையில் ஒரு ஆணி. ஒருவர் கம்பியை விறைப்பாகப் பிடித்துத் தரையில் கீறிக்கொண்டே நடக்க, பின்னாலேயே சுண்ணாம்பு டின். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம், இழுத்த இழுப்புக்கு நீளும். முதல் வருஷம் நைலான் கயிற்றில் இரண்டு பையன்களை விட்டேன். ஒருவன் பூஞ்சை, பாதி வழியில் மாற்றிக்கொண்டவன் கபடிக்காரன். வட்டம் சுற்றி வந்து ஆரம்பித்த இடத்தில் சேரவில்லை, ஒரு சாண் தள்ளிப் போய் நத்தை ஓடு மாதிரி நின்றது.

அரைநிலாவுக்கும் அதே கம்பிதான். முளையைப் பெனால்டி புள்ளியில் அடித்து, பெட்டிக்கு வெளியே மட்டும் வரையுங்கள். அது பெட்டிக் கோட்டில் தொடும் இடம் நடுவிலிருந்து இரு பக்கமும் 7.31 மீட்டர் இருக்க வேண்டும். கோல் அகலத்தோடு கிட்டத்தட்ட ஒன்று என்பதால் நினைவில் நிற்கும். நாலு மூலையிலும் ஒரு மீட்டர் ஆரத்தில் கால்வட்டம். கொடிக் கம்பு ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல், முனை கூராக இல்லாமல்.

சுண்ணாம்பா, மாவா, பெயிண்டா

முழு மைதானத்துக்குக் கோடு மட்டும் 717 மீட்டர் வருகிறது. டிராக்கில் இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. அகலம் 12 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கோல் கோடு போஸ்ட்டின் தடிமனுக்குச் சமமாக இருக்க வேண்டும்.

எங்கள் காலத்தில் சுண்ணாம்புதான். சுட்ட சுண்ணாம்பை அப்படியே போடுவது பாவம், வேர்வை பட்டால் கொதிக்கும். நீர்த்த சுண்ணாம்புகூட லேசானதல்ல. கோல்கீப்பர் ஒருவன் கோட்டின் மேல் பாய்ந்து விழுந்தபோது கண்ணில் அடித்துவிட்டது. அவன் கையால் தேய்த்துக்கொண்டே ஓடி வந்தான். தேய்க்க விடக் கூடாது. குழாயைத் திறந்துவிட்டு, இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு 20 நிமிஷமாவது ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, அப்புறம் கண் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். அப்படித்தான் செய்தோம், கண் தப்பியது. அதற்குப் பிறகு கல்லை அரைத்து விற்கும் கோலமாவுதான் வாங்கினேன். அரிசி மாவு வாங்கிவிடாதீர்கள், எறும்பு வந்து கோட்டைத் தின்றுவிடும்.

கோயமுத்தூருக்கென்று இன்னொரு தொல்லை உண்டு. வைகாசி முடிந்ததிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று கிளம்பிவிடும். ஆடியில் மாவுக் கோடு போட்டால் முன்னால் போடப் போடப் பின்னால் கிழக்கே பறந்துகொண்டிருக்கும். அந்த மாதங்களில் மாவைத் தண்ணீரில் கரைத்து ஈரமாகத்தான் ஓட்ட வேண்டும். காற்றில் டேப்பும் வில் மாதிரி வளையும், அளவு கூடுதலாகக் காட்டும். விடியற்காலையில், காற்று எழுவதற்கு முன்னால் அளந்துவிடுங்கள். ஐப்பசி மழைக்கு மாவு நிற்காது, தண்ணீரில் கலக்கும் வெள்ளை எமல்ஷன் பெயிண்ட்தான் வழி. செம்மண் மைதானத்துக்கு மாவே பளிச்சென்று தெரியும், பெயிண்ட் வீண். புல்லில் பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் முதலில் புல்லை ஒட்ட வெட்டுங்கள், இல்லாவிட்டால் நுனியில் மட்டும் ஒட்டி மூன்றாம் நாள் வெட்டோடு போய்விடும்.

புல்லைப் பெர்முடா என்று வெள்ளைக்காரப் பேர் வைத்து விற்கிறார்கள். அது நம் அருகம்புல்தான், பிள்ளையாருக்குச் சாத்துவது. மிதிபட மிதிபடப் படரும். ஆனால் குண்டு எறிதலில் குண்டு விழுந்த இடத்தில் மட்டும் அதற்கும் நாளாகும். 7.26 கிலோ இரும்புக் குண்டு ஒரு மாவட்டத் தடகளப் போட்டியில் நூறு தடவை விழுந்தால் அந்தத் தரை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அடுத்த வாரம் அதே இடத்தில் ஒருவன் கணுக்காலைத் திருகிக்கொள்வான். ஸ்டேடியத்தில் மார்க்கர் அண்ணன் கோடு போடும் முன்னால் வாளியில் மணலும் எருவும் கலந்து எடுத்துக்கொண்டு, வெறுங்காலில் மைதானம் முழுக்க நடப்பார். கண்ணுக்குத் தெரியாத குழி காலுக்குத் தெரியும் என்பார். குழி தட்டுப்பட்ட இடத்தில் ஒரு கை கலவை, ஒரு மிதி. நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடந்தேன், கடைசி வருஷம் வரை.

ஒரு புள்ளியைப் பற்றி

2018–19 ஐ-லீக்கில், அதாவது இந்தியக் கிளப்புகள் மோதும் கால்பந்துத் தொடரில், சென்னை சிட்டி எஃப்.சி.க்கு எங்கள் ஸ்டேடியம்தான் சொந்த மைதானம். பேர் சென்னை, ஆடியது கோவை. பெயரைப் பற்றி எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் போனோம். முதல் மேட்ச் அக்டோபர் 26, இந்தியன் ஆரோஸை 4–1 அடித்தார்கள், பெட்ரோ மான்சி மூன்று. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர்.

கடைசி மேட்ச் 2019 மார்ச் 9, மினர்வா பஞ்சாபோடு. ஜெயித்தால் கோப்பை. தவறினால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விடக்கூடும். பக்கவாட்டு கேலரியில் இடம் பிடித்தேன், முன்பு பட்ட புத்தி. மூன்றாவது நிமிஷத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. பாதி நேரம் வரை 0–1. பக்கத்தில் இருந்தவர் போனில் கோழிக்கோட்டு ஸ்கோரைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் பாதியில் பெனால்டி. மான்சி பந்தை எடுத்துக்கொண்டு போனார். அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். நான் புள்ளியைப் பார்த்தேன். சின்னப் பெட்டிக்கும் பெரிய பெட்டிக்கும் நடுவில், சரியாக நடுவில் இருந்தது. யாரோ ஒரு மார்க்கர் அன்றைக்கு அதிகாலையில் வெட்டாத டேப்பில் அளந்திருக்கிறார். கோல். அப்புறம் தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு போட்டார், 3–1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2–1 ஜெயித்தது. ஆனால் 43க்கு 42, ஒரே ஒரு புள்ளியில் கோப்பை எங்கள் மைதானத்தில் நின்றது. தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று ஐ-லீக் ஜெயித்தது அதுதான் முதல் முறை.

கூட்டம் உள்ளே இறங்கி ஆடியது. கோடெல்லாம் மிதிபட்டுக் கலைந்துகொண்டிருந்தது. மறுநாள் யாருக்கு என்ன வேலை இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

வேலை முடிந்ததும் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். முளைகளை எண்ணிப் பிடுங்குங்கள், 12 அடித்தால் 12 வர வேண்டும். புல்லில் மறந்த முளை காலைக் கிழிக்கும். டேப்பைத் தண்ணீரில் அலசி, நிழலில் காய வைத்து, துணியால் துடைத்துக்கொண்டே சுற்றுங்கள். மாவோடு சுற்றினால் எண் அழியும், முனை நைந்துபோகும். கோடு ஓட்டும் வண்டியின் வாயில் பெயிண்ட் காய்ந்தால் அடுத்த தடவை திருப்பூர் வரை போய்த்தான் வேறு வாங்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதி அந்தப் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நேற்று ராத்திரி பதில் வந்தது. "சார், எங்க கிரவுண்டுல கோல் போஸ்ட்டே ஒரு பக்கம்தான் இருக்குதுங்க. இன்னொரு பக்கம் ரெண்டு பூவரச மரம். என்னுங்க பண்றது?"

நாளைக்குக் காலையில் முதல் பஸ்ஸில் அன்னூர் போகிறேன். 100 மீட்டர் டேப்பை நானே எடுத்துக்கொண்டு.